மகன்மீது பாலியல் புகார்: அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பேசலாமா?

டெல்லி ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் தேதிகளையும் மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு வயது 22. டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அதே துறையில் பி.ஏ. படிக்கும் 19 வயதுப் பெண் ஒருத்தி, மார்ச் 12 அன்று ஐசிசி என்கிற உள் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். நவம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று மூன்று சம்பவங்கள். கடைசிச் சம்பவம் பிப்ரவரி 20 மாலை நாடக ஒத்திகை முடிந்த பிறகு நடந்தது. அன்றிரவு மகன் அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில், "சாரி, தப்பா எடுத்துக்காத" என்று அனுப்பியிருக்கிறான். புகார் நகல் ஏப்ரல் 2 அன்று மின்னஞ்சலில் வந்தது. மறுநாளே கமிட்டியிலிருந்து போன் செய்து, "ஐந்தாம் தேதி விசாரணை, நேரில் வா" என்றார்கள். கமிட்டியில் அவனுடைய துறைத் தலைவரும் உட்கார்ந்திருக்கிறார். அவரே, "முடிவு தெரியும்வரை வகுப்புக்கு வராதே" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். லைப்ரரி கார்டும் வேலை செய்யவில்லை.

இரண்டு குடும்பமும் பழக்கம். "பங்குனி உத்திரத்துக்கு மலை மந்திர் போனபோது அவள் அம்மா ஒன்றுமே நடக்காதது போலச் சிரித்துப் பேசினார். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்" என்று எழுதுகிறார் தாய். வீட்டுக்கு நேரில் போய்ப் பேசி முடித்துவிடலாமா, தேவையானால் பணமும் கொடுக்கலாமா என்று கேட்கிறார். வக்கீலாக இருக்கும் மைத்துனர், மானநஷ்ட நோட்டீஸ் அனுப்பிவிட்டு கமிட்டி முன் தானே வாதாடுகிறேன் என்கிறாராம். அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடலாமா என்பதும் கேள்வி. "சாட்சி யாரும் இல்லை, நான்கு மாதம் கழித்துப் புகார், இது நிற்காதுதானே?" என்று முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நாள் குறைவாக இருப்பதால் முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகாதீர்கள். போனிலும் பேசாதீர்கள். வேறு யாரையும் தூது அனுப்பாதீர்கள்.

அவள் அம்மா சிரித்துப் பேசியதற்கு வேறொரு காரணம் இருக்கலாம். அவருக்கு விஷயமே தெரியாமல் இருக்கலாம். 19 வயதுப் பெண், சட்டப்படி மேஜர். புகார் கொடுத்ததை வீட்டில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்திலேயே பல பெண்கள் சொல்வதில்லை. நீங்கள் போய் உட்கார்ந்து பேச்சை எடுத்தால், அவள் மறைத்து வைத்திருந்ததை நீங்கள் போட்டு உடைத்தவர் ஆவீர்கள். புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சி ஆகியோரின் அடையாளம் வெளியே போகக்கூடாது என்று யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் சொல்கின்றன. அதே விதி உங்கள் மகனையும் காக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அதோடு, புகார் கொடுத்தவருக்கு நெருக்கடி கொடுப்பது பழிவாங்கும் செயலாகப் பதிவாகும். மூல புகாரில் தேறிவிடக்கூடிய பையன்கூட இந்த ஒன்றில் மாட்டிக்கொள்வான்.

சமரசம் என்று விதிகளில் ஒரு வழி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் புகார் கொடுத்தவர், நடத்தித் தர வேண்டியது கமிட்டி. பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் செய்யவே கூடாது என்று விதியே சொல்கிறது. மானநஷ்ட நோட்டீசும் இதே கணக்கில்தான் வரும். விசாரணை நடக்கும்போது அதை அனுப்பினால், பயமுறுத்தலாகத்தான் படிப்பார்கள்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்கக் கூடாது. அது அவளுடைய போனிலும் இருக்கிறது, புகாரோடு இணைத்தும் இருப்பாள். உங்கள் மகன் பக்கம் மட்டும் காணாமல் போனால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் எடுக்கப்படும்.

ஏப்ரல் 12-க்குள் தர வேண்டிய பதில்

புகார் வந்த 7 நாளுக்குள் அதன் நகலை எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும். நகல் கிடைத்த 10 நாளுக்குள் எதிர்த்தரப்பு பதில் தர வேண்டும். பதிலோடு ஆவணப் பட்டியலும் சாட்சிகளின் பெயர், முகவரியும் இருக்க வேண்டும். நகல் 2-ஆம் தேதி வந்ததால் 12 வரை உங்களுக்கு நேரம் உண்டு. விடுமுறை நாட்களைக் கழித்துப் பார்க்காமல் எண்ணிக்கொள்வது நல்லது. கமிட்டி 5-ஆம் தேதி கூப்பிட்டது அவசரம். அதற்காகப் போகாமல் இருந்துவிடக் கூடாது. இன்றே மகன் தன் பெயரில் ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும்: நகல் இன்ன தேதியில் கிடைத்தது, விதிப்படி பதில் தர 12 வரை அவகாசம் இருக்கிறது, அதற்குப் பிறகு ஒரு தேதி எழுத்தில் தாருங்கள், முழுமையாக ஒத்துழைக்கிறேன். நான்கு வரி போதும். போனில் சொன்னதெல்லாம் எழுத்தில் வர வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

பதிலைப் புகாரின் பத்தி எண் வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடந்தது, நடக்கவில்லை, தெரியாது என்ற மூன்றில் ஒன்று முதலில் வர வேண்டும். பிறகு விளக்கம். "எல்லாக் குற்றச்சாட்டுகளையும் முற்றிலும் மறுக்கிறேன்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுக்கும் பையன்கள் நிறைய. ஒத்திகைக்கு வந்ததையும் சேர்த்து மறுத்ததாகிவிடும். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இருந்தால் மற்ற மறுப்புகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

"சாரி" செய்தியைப் பற்றி அவனே முதலில் எழுதட்டும். எதற்காக அனுப்பினான், அதற்கு முன்னும் பின்னும் என்ன பேச்சு நடந்தது என்பதை உள்ளபடியே சொல்ல வேண்டும். இதற்கு வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட் உதவாது. ஆண்ட்ராய்டு போன் என்றால் அந்தச் சாட்டைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, மோர் என்பதில் எக்ஸ்போர்ட் சாட் கொடுத்தால், முதல் செய்தியிலிருந்து கடைசிவரை தேதி, நேரத்தோடு ஒரு கோப்பாக வரும். அதை முழுவதும் கொடுங்கள், அவனுக்குச் சங்கடமான இடங்களோடு. டிஸப்பியரிங் மெசேஜ் வசதி ஆன் ஆகியிருந்தால் உடனே ஆஃப் செய்யட்டும். விசாரணை முடியும்வரை போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

சிசிடிவி பதிவுகளைப் பல இடங்களில் சில வாரங்களிலேயே மேலெழுதிவிடுவார்கள். பிப்ரவரி 20 பதிவு இன்னும் இருக்கிறதா என்பதே சந்தேகம். எனவே பதில் தயாராகும்வரை காத்திருக்காமல், ஒத்திகை அறை வராந்தா, வாசல் கேமரா, வாட்ச்மேன் பதிவேடு ஆகியவற்றைப் பாதுகாத்து வைக்கச் சொல்லித் தனியாக ஒரு மின்னஞ்சல் இன்றே போகட்டும். அந்தப் பதிவு அவனுக்குச் சாதகமாக இருக்குமா என்று யோசித்துத் தயங்க வேண்டாம். கேட்டவன் என்பதே பதிவில் நிற்கும்.

சாட்சி என்றால் அன்று அங்கே இருந்தவர், கண்டவர், கேட்டவர். "இவன் நல்ல பையன்" என்று பத்து நண்பர்கள் ஒரே வாசகத்தில் கையெழுத்துப் போட்டுத் தரும் கடிதங்களை நான் சேர்க்கவே விடமாட்டேன். யாரோ எழுதி வாங்கியது என்பது படித்ததுமே தெரியும். அந்த நண்பர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் இந்தப் பேச்சு இன்றோடு நிற்க வேண்டும். இதுவரை போட்டதை அழிக்கவும் வேண்டாம்.

உங்கள் குறைகளில் எது நிற்கும்?

துறைத் தலைவர் கமிட்டியில் இருப்பது நிற்கும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் ஐசிசியில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று யுஜிசி விதிமுறைகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. தலைமை வகிப்பவர் மூத்த பெண் ஆசிரியர், ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத ஊழியர் இருவர், மாணவர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர், வெளியிலிருந்து தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். இதுதான் அமைப்பு. உறுப்பினர் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். துறைத் தலைவரைப் பற்றிய ஆட்சேபத்தை முதல் விசாரணைக்கு முன்பே மரியாதையான வார்த்தைகளில் பதிவு செய்யுங்கள்.

"இந்த ஓட்டையை இப்போது சொல்லாமல் வைத்திருந்து, தீர்ப்பு பாதகமானால் ஹைகோர்ட்டில் எடுப்போம்" என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். அந்தப் புத்திசாலித்தனம் வேண்டாம். தெரிந்திருந்தும் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்பதுதான் நீதிமன்றத்தின் முதல் கேள்வியாக இருக்கும். அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. கோவா பல்கலைக்கழகத்தில் 2009-ல் ஆசிரியர் ஒருவர்மீது நடந்த விசாரணையை, அவருக்குத் தன் தரப்பைச் சொல்ல உரிய வாய்ப்பு தராமல் அவசரமாக முடித்தார்கள் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விட்ட இடத்திலிருந்து மறுபடி விசாரிக்கச் சொன்னது. 14 ஆண்டு கழித்து! அந்த ஆசிரியருக்கும் விடிவில்லை, புகார் கொடுத்த மாணவிகளுக்கும் விடிவில்லை. கமிட்டி ஒழுங்காக அமைய வேண்டும் என்று நீங்கள் இன்று கேட்பது அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துக் கேட்பதுதான். அவளுக்கும் மார்க் போடும் துறையின் தலைவர் அவர். அவர் முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வது அவளுக்கும் எளிதாக இராது.

வாய்மொழியாக வகுப்புக்கு வராதே என்றதும் நிற்கும். விசாரணைக் காலத்தில் இடைக்கால ஏற்பாடுகள் செய்யலாம். இருவரில் ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றலாம், புகார் கொடுத்தவருக்கு 3 மாதம் வரை விடுப்பு தரலாம், தள்ளி இருக்கும்படி எதிர்த்தரப்பை எச்சரிக்கலாம், திட்டவட்டமான அச்சுறுத்தல் இருந்தால் வளாகத்துக்குள் வரவே தடை போடலாம். இவற்றை எழுத்தில், காரணத்தோடு, இத்தனை நாளுக்கு என்று சொல்ல வேண்டும். யாருடைய உத்தரவு, எந்த விதி, எதுவரை என்று மகன் கேட்கட்டும். லைப்ரரியைத் தடுப்பது விதிமுறைகளில் தண்டனைப் பட்டியலில் இருப்பது. முடிவுக்கு முன்னால் வரக்கூடாதது. அதே கடிதத்தில் அவனே வழியும் சொல்லலாம்: அவள் வரும் நேரம் தவிர்த்து வேறு நேரத்தில் லைப்ரரி, தேர்வுக்குத் தனி அறை, நாடகக் குழுவிலிருந்து தற்காலிகமாக விலகல். இப்படிக் கேட்டால் மறுப்பது கடினம்.

நகல் 7 நாளுக்குப் பதில் 21 நாள் கழித்து வந்தது குறைதான். அதைக் குறிப்பிட்டு வையுங்கள், ஆனால் அதற்காகப் புகார் விழுந்துவிடாது.

நான்கு மாதம் கழித்துப் புகார் என்பது நிற்காது. புகார் கொடுப்பதற்கான 3 மாதக் கெடு கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ணப்படும். பிப்ரவரி 20-க்கும் மார்ச் 12-க்கும் இடையே மூன்று வாரம்தான். தாமதமே ஆனாலும், காரணத்தை எழுதிவைத்து இன்னும் 3 மாதம் வரை கமிட்டி நீட்டிக்கலாம்.

சாட்சி இல்லை என்பதும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு நிற்காது. புகார் கொடுத்தவரின் சொல்லே சான்றுதான். கிரிமினல் கோர்ட்டில் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கத்தையும் கேட்டு, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று கமிட்டி பார்க்கும். அதனால்தான் தேதி, நேரம், முழுச் சாட் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். உங்கள் கடிதத்தில், "என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை" என்று மூன்று இடத்தில் வருகிறது. ஒரு தாயாக நீங்கள் அப்படி நினைப்பது இயல்பு. ஆனால் கமிட்டி அவன் எப்படிப்பட்டவன் என்று தீர்மானிக்க உட்காரவில்லை, பிப்ரவரி 20 மாலை என்ன நடந்தது என்று கேட்கிறது. நீங்களும் அந்தக் கேள்வியை அவனிடம் ஒருமுறை கேளுங்கள். எந்தப் பதில் வந்தாலும் முழுதும் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஏதாவது நடந்திருந்தால், ஒப்புக்கொள்வதா, எந்த வார்த்தைகளில் என்பதை ஒரு வக்கீலோடு பேசி முடிவு செய்யலாம். பொய்யான பதிலை மட்டும் எழுத வேண்டாம்.

கேள்வி கேட்கும் உரிமை

நேருக்கு நேர் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வதுதான் நியாயம் என்று உங்கள் மைத்துனர் சொல்கிறார். ஆனால் 1973-ல் ராஞ்சி ராஜேந்திர மருத்துவக் கல்லூரி வழக்கில், மாணவிகளின் வாக்குமூலத்தை மாணவர்கள் இல்லாத இடத்தில் பதிவு செய்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றது. இரு தரப்பையும் நியாயமாகக் கேட்க வேண்டும் என்கிற இயற்கை நீதி எல்லா இடத்துக்கும் ஒரே அச்சில் வார்த்தது இல்லை என்பதுதான் அதன் சாரம். அதற்காக உங்கள் மகன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் இல்லை. அவளுடைய வாக்குமூலத்தின் நகலைக் கேட்டு வாங்கலாம். கேள்விகளை எழுதி, கமிட்டி மூலம் கேட்கச் சொல்லலாம். அவளும் அவனிடம் அப்படியே கேட்கலாம். பல கமிட்டிகள் இதைத்தான் செய்கின்றன.

எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ராத்திரி எட்டு மணிக்கு அங்கே உனக்கு என்ன வேலை?" என்று எழுதினால் கமிட்டி அதை அடித்துவிடும். நியாயமாகவும் அடித்துவிடும். அவளுடைய உடை, பழைய நட்பு, இரவில் வெளியே போனது எதுவும் கேள்வியில் வரக்கூடாது. "ஒத்திகை ஏழரைக்கு முடிந்தது என்கிறீர்கள். மேடைப் பொருள்களை எடுத்துவைக்க யார் யார் நின்றார்கள்? அவர்கள் கிளம்பிய பிறகா, முன்பா?" என்று கேட்டால் பதில் வரும். யாரையும் புண்படுத்தாது, உண்மைக்கு ஒரு படி கிட்டே கொண்டு போகும். பத்துப் பன்னிரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம்.

மைத்துனர் கமிட்டி அறைக்குள் வாதாட எதிர்பார்க்க வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் விதிகள் வக்கீலை அனுமதிப்பதில்லை, பல்கலைக்கழகக் கமிட்டிகளும் அதையே பின்பற்றுகின்றன. பதிலைத் தயாரிக்க அவர் உதவலாம். ஆனால் வார்த்தைகள் மகனுடையதாக இருக்கட்டும். கமிட்டி கேள்வி கேட்கும்போது அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

போலீஸ் பற்றிய பயம்

ஐசிசியில் புகார் என்றால் தானாகவே எஃப்ஐஆர் ஆகிவிடாது. போலீசுக்குப் போவது அவள் முடிவு. அவள் விரும்பினால் பல்கலைக்கழகம் உதவ வேண்டும். போனால் பெரும்பாலும் ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 75 (பாலியல் துன்புறுத்தல்) வரும். ஆபாசமான பேச்சுக்கு ஓராண்டு வரை, விருப்பமில்லாமல் தொட்டதற்கு மூன்றாண்டு வரை சிறை. மானபங்கம் செய்யும் நோக்கில் பலவந்தம் செய்வது பற்றிய பிரிவு 74 சேர்ந்தால் விஷயம் இன்னும் கடுமை. கமிட்டியில் எழுதித் தருவது அந்த வழக்கில் அவனுக்கு எதிராகக் காட்டப்படலாம் என்பதால், பதிலை அனுப்பும் முன் கிரிமினல் வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவர் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் சொந்தக்காரரைவிட வெளியாள் நல்லது. அந்தப் பெண்ணுக்கு 18 முடிந்துவிட்டது என்பதால் சிறார்களைக் காக்கும் போக்சோ சட்டம் வராது.

முடிவு வந்த பிறகு

மார்ச் 12-லிருந்து 90 நாள், அதாவது ஜூன் 10-க்குள் விசாரணை முடிய வேண்டும். அதன்பின் 10 நாளில் அறிக்கை நிர்வாகத்துக்குப் போகும், இருவருக்கும் நகல் வரும். நடவடிக்கை என்று முடிவானால் முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வர வேண்டும், பதிலுக்கு 10 நாள். தண்டனை, செயலின் கடுமைக்கு ஏற்ப, கட்டாயக் கவுன்சலிங்கிலிருந்து பெயர் நீக்கம் வரை போகலாம்.

புகார் நிரூபணம் ஆகவில்லை என்று வந்தால், "அப்படியானால் அவள்மீது நடவடிக்கை எடுங்கள்" என்று கிளம்ப வேண்டாம். நிரூபிக்க முடியாமல் போவதும் பொய்ப் புகாரும் ஒன்றில்லை என்று விதிமுறைகளே சொல்கின்றன. தெரிந்தே பொய் சொன்னாள் என்பதைத் தனியாக விசாரித்து நிறுவ வேண்டும்.

பாதகமாக வந்தால் இருவரில் யாரும் 30 நாளுக்குள் நிர்வாகத்திடம் மேல்முறையீடு செய்யலாம். பிறகு ஹைகோர்ட் இருக்கிறது. இந்த 30 நாள், பரிந்துரையின் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது, உங்கள் கையில் நகல் கிடைத்த நாளிலிருந்து இல்லை. எனவே ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து பல்கலைக்கழக மின்னஞ்சலை அவன் தினமும் பார்க்க வேண்டும், ஸ்பாம் பெட்டியையும் சேர்த்து. அதுவரை அவன் சாப்பிடாமல், தூங்காமல் அறைக்குள் அடைந்து கிடந்தால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் கூப்பிடச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். நீங்களும் கூப்பிடலாம்.